நடுவே நீர் இருந்தால்: பயணத் தேர்வை மாதிரியாக்குவது எப்படி?

கலிபோர்னியாவில் ஓக்லாந்து நகரை ஒட்டிக் கிடக்கும் சிறு தீவு அலமேடா. அதன் மேற்குக் கரையில் நின்றால் விரிகுடாவுக்கு அப்பால் சான் பிரான்சிஸ்கோவின் உயர்ந்த கட்டடங்கள் தெரியும். ஆனால் காரில் போவதென்றால் தண்ணீருக்கு அடியில் செல்லும் சுரங்கச் சாலையில் புகுந்து, ஓக்லாந்துக்குள் வெளிவந்து, பே பிரிட்ஜ் ஏறி, டோல் கட்டி, நெரிசலில் ஊர்ந்துதான் போக முடியும். அதே கரையிலிருந்து ஃபெரியும் உண்டு, பாலம் வழியாகப் போகும் பேருந்தும் உண்டு. விரிகுடாவுக்கு அடியில் சுரங்கத்தில் கடக்கும் பார்ட் என்ற நகர ரயிலுக்குத் தீவில் நிலையம் இல்லை. பஸ்ஸிலோ காரிலோ ஓக்லாந்து போய்த்தான் அதைப் பிடிக்க வேண்டும்.

இங்கே வசிக்கும் ஒருவர் நாளைக் காலை எதில் போவார்? பாலத்தின் டோலை ஒரு டாலர் கூட்டினால் எத்தனை பேர் படகுக்கு மாறுவார்கள்? போக்குவரத்துத் திட்டமிடலில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இப்படிப்பட்ட வேலைதான் முதலில் வந்து விழும். இந்தத் தேர்வுகளை எண்களில் கணிக்கும் கணக்குமுறையைத்தான் மாதிரி என்கிறோம். படிப்படியாக எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எதில் கடப்பார்கள் என்பதைக் கணக்கிடுவதில்தான் எல்லோரும் நேரத்தைச் செலவிடுகிறார்கள். நீரின் உண்மையான தாக்கம் பெரும்பாலும் அதற்கு முந்தைய கேள்வியில் இருக்கிறது: கடப்பார்களா, மாட்டார்களா?

வரைபடத்தைச் சரிசெய்யுங்கள்

முதல் வேலை ஊரைச் சிறு பகுதிகளாக, அதாவது மண்டலங்களாகப் பிரிப்பது. உள்நாட்டில் ஒரு சதுர கிலோமீட்டரை ஒரே மண்டலமாக வைத்தாலும் பெரிய பிழை வராது. படகுத்துறைக்குப் பக்கத்தில் அது செல்லாது. துறையிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருப்பவருக்கும் இருபத்தைந்து நிமிட நடையில் இருப்பவருக்கும் படகு என்பது ஒரே பொருள் அல்ல. துறையைச் சுற்றி மண்டலங்களைச் சிறிதாக்குங்கள். ஒரு மண்டலம் இரு கரைகளிலும் பரவியிருக்க விடவே கூடாது.

அடுத்து வலைப்பின்னல். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் படகுப் பாதைகள் கோடுகளாக வரையப்பட்டிருக்கும். அந்தக் கோட்டின் முனை சாலையோடு இணையாமல் நின்றால் உங்கள் மென்பொருளுக்கு அந்தப் படகு இல்லாத படகுதான். ஜிடிஎஃப்எஸ் கால அட்டவணைக் கோப்புகளில் ஃபெரிக்கு 4 என்ற குறியீடு உண்டு. அந்த வரிகளை மட்டும் வடிகட்டிப் படத்தில் போட்டுப் பாருங்கள். பிறகு கரைக்குக் கரை பத்து இடங்களைத் தேர்ந்து, மென்பொருள் சொல்லும் வழியை நீங்களே தொடர்ந்து பாருங்கள். எந்தக் கணக்கிலும் நேர்கோட்டுத் தூரத்தைப் பயன்படுத்தாதீர்கள். நீர் நடுவே வந்துவிட்டால் அந்தத் தூரத்துக்குப் பொருளே இல்லை.

யாருக்கு எது கைக்கு எட்டும்

ஒவ்வொரு பயணிக்கும் முன்னால் உண்மையில் எந்தெந்த வழிகள் இருக்கின்றன என்ற பட்டியலைத் தயாரியுங்கள். கார் இல்லாதவருக்குப் பட்டியலில் கார் கிடையாது. இரவு 11 மணிக்கு வேலை முடிகிறவருக்கு, கடைசிப் படகு அதற்கு முன்பே போய்விட்டால், திரும்பும்போது படகு கிடையாது. திரும்பும்போது இல்லையென்றால் போகும்போதும் அநேகமாக இல்லை.

இந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பழைய மாதிரிகள் போவதை ஒரு பயணம், வருவதை இன்னொரு பயணம் என்று தனித்தனியாக எண்ணின. சாலைக்கு அது பெரும்பாலும் பொருந்தும். நீரைக் கடப்பதற்குப் பொருந்தாது. காலையில் படகில் போனவர் மாலையில் பாலத்தில் தன் காரில் திரும்ப முடியாது, ஏனென்றால் கார் இந்தக் கரையில் நிற்கிறது. உணவக ஊழியர், மருத்துவமனைச் செவிலியர், அலுவலகம் எப்போது விடும் என்று தெரியாதவர், குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டியவர், இவர்கள் எல்லோரும் காலையில் முடிவெடுக்கும்போதே மாலையை நினைத்துத்தான் எடுக்கிறார்கள். ஆகவே வீட்டிலிருந்து வீடு வரையான முழுச் சுற்றையும் ஒரே அலகாகக் கொள்ளுங்கள். போகும் நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் சேவை இருந்தால் மட்டுமே அந்த வழியைப் பட்டியலில் சேருங்கள். சிக்கலான மென்பொருள் இல்லாவிட்டாலும் இந்த ஒரு வடிகட்டலைச் செய்துவிடலாம். படகுப் பயணிகளின் எண்ணிக்கையை மாதிரி மிகையாகக் காட்டுவதற்குப் பல நேரங்களில் காரணம் இது விடுபட்டதுதான்.

நேரத்தைப் பிரித்து எழுதுங்கள்

மொத்தப் பயண நேரம் என்று ஒரே எண்ணைக் கொடுக்காதீர்கள். வண்டிக்குள் இருக்கும் நேரம், நடக்கும் நேரம், காத்திருக்கும் நேரம், மாறி ஏறும் எண்ணிக்கை, செலவு என்று அட்டவணையில் தனித்தனி நெடுவரிசைகளாக வையுங்கள். காத்திருக்கும் ஒரு நிமிடம், உட்கார்ந்து பயணிக்கும் இரண்டு நிமிடங்களுக்குச் சமமாக மக்களை உறுத்துகிறது என்பது இத்துறையில் வெகுகாலமாகப் பழகிவரும் தோராயம். நடைக்கும் கிட்டத்தட்ட அதே எடைதான்.

காத்திருப்பில் ஒரு பொறி இருக்கிறது. பேருந்துக்கு, வண்டிகளுக்கு இடையிலான நேரத்தில் பாதியைச் சராசரிக் காத்திருப்பாக எடுப்பது வழக்கம். பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் ஐந்து நிமிடம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு படகு என்றால் முப்பது நிமிடம் என்று போட்டுவிடாதீர்கள். யாரும் துறையில் அரை மணி நேரம் சும்மா நிற்பதில்லை, அட்டவணையைப் பார்த்துத்தான் வருகிறார்கள். துறையில் நிற்கும் நேரத்துக்கு ஐந்து முதல் எட்டு நிமிடம் வரை வையுங்கள். தான் விரும்பிய நேரத்துக்கும் படகு கிளம்பும் நேரத்துக்கும் இடையிலான விலகலைத் தனி மாறியாக, குறைந்த எடையுடன் சேருங்கள்.

கார் ஏற்றும் படகானால் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. இடம் நிரம்பி அடுத்த படகுக்கு நிற்க வேண்டி வரலாம். காற்றோ பனிமூட்டமோ சேவையை நிறுத்தலாம். சராசரி நேரத்தில் இவை தெரியாது, பயணிகளின் மனத்தில் நன்றாகவே இருக்கும். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில்தான் மீண்டும் ஓடத் தொடங்கியது. இப்படிப்பட்ட தடத்துக்குக் கடல்வழி நேரத்தையும் கட்டணத்தையும் மட்டும் வைத்து மாதிரி செய்தால், யாழ்ப்பாணம் போக ஏன் இன்னும் சிலர் சென்னை விமானத்தையே நாடுகிறார்கள் என்பது விளங்காது. சேவை ரத்தாகும் வாய்ப்பையும் ஒரு மாறியாக்குங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

அலமேடாவில் துறைக்கு அருகில் வசிக்கும் ஒருவர் காலையில் சான் பிரான்சிஸ்கோவில் அலுவலகம் போகிறார். பார்ட்டை இப்போதைக்கு விட்டுவிட்டு மூன்று வழிகளை மட்டும் எடுப்போம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை, அளந்தெடுத்தவை அல்ல.

கார்: வண்டிக்குள் 40 நிமிடம், நடை 5 நிமிடம், டோல், பார்க்கிங், பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஒரு வழிக்கு 18 டாலர். பேருந்து: வண்டிக்குள் 40, காத்திருப்பு 8, நடை 10, கட்டணம் 6 டாலர். படகு: வண்டிக்குள் 25, காத்திருப்பு 8, நடை 15, கட்டணம் 5 டாலர்.

டோலில் ஒரு நுணுக்கம்: பே பிரிட்ஜில் மேற்கு நோக்கிப் போகும்போது மட்டுமே வசூல். 2025 தொடக்கத்தில் அது 8 டாலர் ஆனது. சுற்று முழுவதையும் அலகாகக் கொண்டால் ஒரு வழிக்கு 4 டாலர். இதைக் கவனிக்காமல் காலைக்கு 8, மாலைக்கு 8 என்று போட்டால் கார் தேவையில்லாமல் அடிபடும்.

ஒவ்வொன்றும் பயணியை எவ்வளவு உறுத்துகிறது என்பதைச் சொல்லும் பெருக்கெண்ணுக்குக் குணகம் என்று பெயர். வண்டி நேரத்தின் குணகம் நிமிடத்துக்கு −0.03, நடைக்கும் காத்திருப்புக்கும் −0.06, செலவுக்கு டாலருக்கு −0.12 என்று வைப்போம். 0.03-ஐ 0.12-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு கால் டாலர், அதாவது மணிக்கு 15 டாலர். இந்தப் பயணி தன் நேரத்துக்குக் கொடுக்கும் விலை இது. எந்த மாதிரியிலும் முதலில் இந்த விகிதத்தைத்தான் பாருங்கள். அந்த ஊர்ச் சம்பளத்தோடு ஒட்டாத விலை வந்தால் மேலே போகவே வேண்டாம்.

பெருக்கிக் கூட்டினால் காரின் மதிப்பு −3.66, பேருந்து −3.00, படகு −2.73. இவற்றுக்கு எக்செல்லில் எக்ஸ்ப் (e-இன் அடுக்கு) சார்பைப் போட்டால் 0.0257, 0.0498, 0.0652. மொத்தம் 0.1407. ஒவ்வொன்றையும் மொத்தத்தால் வகுத்தால் கார் 18 சதவீதம், பேருந்து 35, படகு 46. முழு எண்ணாக்கியதால் கூட்டினால் ஒன்று குறையும், பரவாயில்லை. லாஜிட் மாதிரி என்பது இவ்வளவுதான்.

படகுக்கு 46 சதவீதமா என்று தோன்றும். இது துறைக்கு அருகில் இருப்பவரின் கணக்கு. தீவு முழுவதற்கும், அதற்கு அப்பால் ஓக்லாந்து முழுவதற்கும் செய்தால் படகின் பங்கு வேகமாகச் சரியும். அதன் பிறகும் உண்மை எண்ணிக்கையோடு ஒட்டவில்லை என்றால்தான் ஒவ்வொரு வழிக்கும் உரிய மாறிலியை, அதாவது அதன் மதிப்போடு கூட்டும் ஒரு நிலையான எண்ணைச் சேர்த்துத் திருத்துகிறோம். அந்த மாறிலி அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தால், நீங்கள் அளக்காமல் விட்ட ஏதோ ஒன்று அதற்குள் ஒளிந்திருக்கிறது என்று கொள்ளுங்கள்.

இன்னொரு எண்ணையும் இங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். 0.1407-இன் இயல் மடக்கை −1.96. இதற்கு லாக்சம் என்று பெயர், எல்லா வழிகளும் சேர்ந்து இந்தப் பயணிக்குக் கொடுக்கும் மொத்த வசதி. படகை எடுத்துவிட்டால் இது −2.58 ஆகிறது. வித்தியாசத்தை 0.03-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 21 நிமிடம். படகு நின்றால் இவருக்கு ஒவ்வொரு முறையும் 21 நிமிடம் கூடுதலாகச் செலவானதற்குச் சமம். அதிகாரிகளிடம் சதவீதங்களைவிட இந்த எண்தான் பேசும்.

படகு நின்றபின் கார் 34, பேருந்து 66 என்று கணக்கு வரும். கவனியுங்கள்: காருக்கும் பேருந்துக்கும் இருந்த விகிதம் மாறவே இல்லை. எளிய லாஜிட்டின் பெயர்பெற்ற பலவீனம் இது. சிவப்புப் பேருந்து, நீலப் பேருந்து என்று பாடநூல்களில் வரும் புதிர் இதைத்தான் சொல்கிறது. ஒரே தடத்தில் வேறு நிறத்தில் இன்னொரு பேருந்து விட்டால், அது காரிடமிருந்தும் பயணிகளைப் பறிப்பதாக மாதிரி பொய்யாகக் காட்டும். நீர்வழியில் இது கூர்மையாக வெளிப்படும். காரும் பேருந்தும் ஒரே பாலத்தின் நெரிசலை அனுபவிப்பவை. பாலம் மூடினால் இரண்டும் சேர்ந்தே போகும். ஆகவே பாலவழி, நீர்வழி, பார்ட் போகும் சுரங்கவழி என்று கூடுகளாகப் பிரிக்கும் நெஸ்டட் லாஜிட்டுக்குப் போங்கள். கூடுகளைக் கடக்கும் இடத்தை வைத்து அமைப்பதா, வாகன வகையை வைத்து அமைப்பதா என்று இரண்டையும் மதிப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள். ஒரு கூட்டுக்குள் இருக்கும் வழிகள் எவ்வளவு ஒத்தவை என்பதைக் காட்டும் கூட்டின் குணகம் 0-க்கும் 1-க்கும் இடையில் வரவில்லை என்றால் அந்த அமைப்பைக் கைவிடுங்கள்.

குணகங்கள் எங்கிருந்து வரும்

மக்கள் உண்மையில் செய்த பயணங்களிலிருந்து. இந்த முறை வளர்ந்ததே இதே விரிகுடாவில்தான். பார்ட் ரயில் 1972-இல் ஓடத் தொடங்கியது, விரிகுடாவின் அடியில் செல்லும் குழாய்ச் சுரங்கத்தில் 1974 செப்டம்பரில். அதற்கு முன்பே பெர்க்லி பொருளியலாளர் டேனியல் மெக்ஃபேடனின் குழு வேலைக்குப் போவோரின் பயணத் தேர்வுகளைத் திரட்டி லாஜிட் மாதிரி செய்து, பார்ட்டின் பங்கு 6.3 சதவீதம் என்று கணித்தது. அதிகாரபூர்வக் கணிப்பு 15 சதவீதம். வந்தது 6.2. மெக்ஃபேடன் 2000-இல் நோபல் பரிசு பெற்றார். அவ்வளவு நெருக்கமாக அமைந்ததில் ஓரளவு அதிர்ஷ்டமும் உண்டு என்று அவரே நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்.

உங்களுக்கு வரும் சிக்கல் வேறு. வீடுவீடாக எடுக்கும் கணக்கெடுப்பில் படகுப் பயணிகள் விரல்விட்டு எண்ணும்படிதான் சிக்குவார்கள். எனவே படகிலேயே ஏறி விவரம் திரட்டுவீர்கள். தவறில்லை. ஆனால் படகில் திரட்டிய பதிவுகளையும் வீடுகளில் திரட்டியவற்றையும் அப்படியே கொட்டிக் கலந்தால் மாறிலிகள் கோணலாகும். உண்மைப் பங்குக்கு ஏற்ப ஒவ்வொரு பதிவுக்கும் எடை கொடுங்கள்.

இதுவரை இல்லாத பாலத்துக்கோ படகுக்கோ கணிக்க வேண்டுமென்றால், கற்பனைச் சூழல்களைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஆய்வு தேவைப்படும். கட்டணமும் நேரமும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கும்படி சூழல்களை அமையுங்கள். இப்படிப்பட்ட ஆய்வில் புதிய வசதிக்கு எல்லோரும் தாராளமாக ஆம் சொல்வார்கள். அதனால் இந்தப் பதில்களிலிருந்து விகிதங்களை மட்டும் எடுத்து, உண்மைப் பயணத் தரவோடு சேர்த்து மதிப்பிடுங்கள். மென்பொருளுக்குச் செலவழிக்க வேண்டாம். பைத்தானில் பயோஜீம், ஆர் மொழியில் அப்பொல்லோ, இரண்டும் இலவசம், இரண்டுக்கும் நல்ல எடுத்துக்காட்டுகள் கிடைக்கின்றன.

கடப்பார்களா?

தொடக்கத்தில் சொன்ன கேள்வி இதுதான். மேலே உள்ள கணக்கில் அந்த அலமேடாக்காரர் சான் பிரான்சிஸ்கோவில் வேலை பார்ப்பவர் என்று எடுத்துக்கொண்டோம். அவர் ஏன் ஓக்லாந்தில் வேலை தேடவில்லை? சனிக்கிழமை மாலை சாப்பிட எந்தக் கரைக்குப் போவார்? இதற்கு விடை சொல்வது சேருமிடத் தேர்வு மாதிரி. ஒவ்வொரு சேருமிடத்துக்கும் அங்குள்ள வேலைகளின் அல்லது கடைகளின் அளவையும், அங்கு போவதற்கான லாக்சத்தையும் வைத்துக் கணக்கிடுங்கள். மேலே எடுத்து வைத்த அந்த −1.96 இங்கே வந்து சேர்கிறது. படகு கூடினால் லாக்சம் உயரும், கடப்பவர் கூடுவார்கள்.

இப்படிச் செய்தும் நீரைக் கடக்கும் பயணங்கள் உண்மையைவிட அதிகமாகவே வரும். அக்கரையில் என்ன இருக்கிறது என்று மக்களுக்குத் தெரிவதில்லை. உறவும் நட்பும் பள்ளியும் இக்கரையிலேயே அமைந்துவிடுகின்றன. இடத்தின் அளவையும் தூரத்தையும் வைத்துப் பயணங்களைக் கணிக்கும் பழைய ஈர்ப்பு மாதிரிகளில் இதற்குக் கே காரணி என்று ஒரு பெருக்கியைப் போட்டு எண்களைப் பொருத்திவிடுவார்கள். எனக்கு இந்தப் பழக்கத்தில் கடுமையான மறுப்பு உண்டு. படகு மட்டுமே இருந்த காலத்தில் பொருத்திய பெருக்கி, பாலம் வந்த பிறகு என்ன ஆகும்? அப்படியே இருக்குமா, பாதியாகுமா, மறைந்துவிடுமா? பெருக்கிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாததால் யாராலும் சொல்ல முடியாது. கணிப்பு முழுவதும் அந்த ஒரு ஊகத்தின் மேல் நிற்கும்.

அதைத் தவிர்க்கத் தடையைப் பிரியுங்கள். நேரமும் செலவும் ஒரு பங்கு. நம்பகமின்மை ஒரு பங்கு. அது எல்லையாகவும் இருந்தால் சட்டம், நாணயம், மொழி, வரி ஒரு பங்கு. மிஞ்சுவதுதான் நீர். டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்கும் ஸ்வீடனின் மால்மோவுக்கும் இடையே 2000 ஜூலை 1-ஆம் தேதி திறந்த ஓரெசுண்ட் பாலம் இதைக் கற்க மிகச் சிறந்த இடம். தொடக்க ஆண்டுகளில் போக்குவரத்து எதிர்பார்த்ததைவிடக் குறைவு. பிறகு டென்மார்க்கில் சம்பளமும் வீட்டு விலையும் ஸ்வீடனைவிட மேலே நின்றதால், மால்மோவில் குடியிருந்து கோபன்ஹேகனில் வேலை பார்ப்பவர்கள் வேகமாகப் பெருகினார்கள். மக்கள் வீட்டையும் வேலையையும் மாற்றிக்கொள்ள ஆண்டுகள் ஆகின்றன என்பதை அந்த வளைகோடு காட்டுகிறது. 2016 ஜனவரியில் ஸ்வீடன் போகும் ரயில்களுக்கு அடையாளச் சோதனை வந்தபோது, தண்ணீர் அதே தண்ணீர், பாலமும் அதே பாலம், பயணம் மட்டும் நீண்டது. எல்லையின் பங்கைத் தனியே பார்க்க அப்படி ஒரு வாய்ப்பு அமைவது அரிது. அதே நீரிணையின் வடக்கே, நான்கு கிலோமீட்டர் மட்டுமே அகலமுள்ள ஹெல்சிங்ஓர்–ஹெல்சிங்போரி இடையே ஃபெரி இன்றும் ஓடுகிறது. பாலம் வந்தால் படகு சாகும் என்று மாதிரியில் முன்கூட்டியே எழுதிவிடாதீர்கள்.

சோதித்துப் பாருங்கள்

இன்றைய எண்களோடு ஒட்டுவது சோதனை ஆகாது, மாறிலிகளே அதற்காகத்தான் திருத்தப்பட்டவை. ஏதாவது ஒன்று திடீரென மாறிய நாட்களைத் தேடுங்கள். 1989 அக்டோபர் 17 நிலநடுக்கத்தில் பே பிரிட்ஜின் ஒரு பகுதி இடிந்து, ஒரு மாதம் பாலம் மூடியிருந்தது. பார்ட் இரவு முழுவதும் ஓடியது, விரிகுடாவில் படகுகள் மீண்டும் இறங்கின. 2013 ஜூலையிலும் அக்டோபரிலும் பார்ட் ஊழியர் வேலைநிறுத்தத்தில் படகுகளில் கூட்டம் அலைமோதியது. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வாரம் இருந்திருக்கும். மாதிரியில் அந்த வழியை அணைத்துவிட்டு ஓட்டி, அந்த வாரத்து எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். முழுமையாக ஒட்டாது. நெருக்கடியில் பலர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். பயணிகள் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பதாவது ஒட்ட வேண்டும்.

கணிப்பைக் கையளிக்கும்போது

போட்டியாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கமாட்டார்கள். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலுக்கு அடியில் செல்லும் கால்வாய்ச் சுரங்கத்தில் ஓடும் யூரோஸ்டார் ரயிலுக்கு முதல் ஆண்டில் 1.59 கோடி பயணிகள் என்று கணித்திருந்தார்கள். 1995-இல் வந்தவர்கள் ஏறக்குறைய 29 லட்சம். கடலுக்கு மேலே ஃபெரி நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டன, அடுத்த ஆண்டுகளில் மலிவு விலை விமானங்களும் பெருகின. ஆகவே மாதிரியைப் பல முறை ஓட்டி, ஃபெரி இன்றைய கட்டணத்திலேயே இருக்கும் ஓட்டம் ஒன்று, முப்பது சதவீதம் குறைக்கும் ஓட்டம் ஒன்று, சேவையையே நிறுத்தும் ஓட்டம் ஒன்று எனக் குறைந்தது மூன்று எண்களையாவது கொடுங்கள். முதல் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு என்று தனித்தனியாகவும் காட்டுங்கள். ஒரே எண் வேண்டும் என்று மேலதிகாரி கேட்டால், எந்தக் கட்டணத்தை வைத்து அந்த எண் வந்தது என்பதையும் அதே வரியில் எழுதிக் கொடுங்கள்.

உங்கள் ஊரில் பாலம் வரப்போகிறது என்றால், அது திறப்பதற்கு முந்தைய ஆண்டின் படகு அட்டவணை, கட்டணப் பட்டியல், மணிவாரிப் பயணி எண்ணிக்கை, ரத்தான சேவைகளின் பதிவு எல்லாவற்றையும் படகுத்துறை அலுவலகத்திலிருந்து இப்போதே வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். சேவை நின்று அலுவலகம் கலைந்த பிறகு அந்தத் தாள்களைக் கேட்க அங்கே ஆள் இருக்காது.